வெள்ளை ரோஸ் அடிக்குது, பேனல் போச்சா? மானிட்டர் நிறக் கோளாறு இழை

மார்ச் 4, கேள்வி

அண்ணா, பெருமாநல்லூர்ல ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட்ல டிசைன் வேலை பாக்கறேனுங்க. முந்தாநாள்ல இருந்து மானிட்டர்ல வெள்ளை வெள்ளையா இல்லீங்க, ரோஸ் அடிக்குது. இலை டிசைன் போட்டா இலையெல்லாம் கருஞ்சிவப்பா நிக்குது. கடையில கேட்டா, "பேனல் போயிருச்சுங்க, புதுசு வாங்கிக்கோங்க"ங்கறாங்க. ஓனர் காசு எடுக்க மாட்டேங்கறார். நிஜமாவே பேனல்தானுங்களா? துணி வாங்கற பையருக்கு இந்த வாரம் டிசைன் போகோணும்.

மார்ச் 4, பொழுது சாய்ந்து

பேனல் என்று நான் நினைக்கவில்லை. ஓனர் பர்ஸை மூடியே வைத்திருக்கட்டும்.

மானிட்டரின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும் பட்டனை அழுத்தி அதன் மெனுவை வரவழையுங்கள். அந்த மெனு கம்ப்யூட்டரிலிருந்து வருவதில்லை, மானிட்டர் தானே வரைந்து காட்டுவது. மெனு எழுத்து வெள்ளையாக இருந்து, பின்னால் உள்ள படம் மட்டும் ரோஸ் என்றால் பேனலுக்கும் பின்விளக்குக்கும் ஒன்றும் இல்லை. கோளாறு கேபிளில், கன்வெர்ட்டரில், கிராபிக்ஸ் கார்டில் அல்லது செட்டிங்கில். மெனுவும் சேர்ந்து ரோஸ் அடித்தால் மானிட்டருக்குள்ளேதான் ஏதோ.

கேபிள் எது? நீலத் தலை வைத்த பழைய விஜிஏவா, எச்டிஎம்ஐயா? அதைச் சொல்லாமல் ஆளாளுக்கு மருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 4, இரவு

ஒன்று விட்டுப்போனது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் நிறம் சரியாக இருந்தால் ஃபைலிலும் டிசைன் சாஃப்ட்வேரிலும் குற்றம் இல்லை.

மானிட்டரைப் போனில் படம் பிடித்து இங்கே போடாதீர்கள். போன் கேமரா தானாக ஒயிட் பேலன்ஸ் போட்டுக்கொண்டு அதன் இஷ்டத்துக்கு ஒரு நிறம் காட்டும். போன தடவை ஒருவர் போட்ட படத்தைப் பார்த்து ஆளுக்கொரு நோய் கண்டுபிடித்தோம். கடைசியில் அது அவர் வீட்டு ஜன்னலில் தொங்கிய ஆரஞ்சு திரைச்சீலை.

மார்ச் 5, காலை

பெருமாநல்லூர்த் தம்பியின் பதில்: மெனு பளிச்சென்று வெள்ளை. ஸ்கிரீன்ஷாட் போனில் சரி. சிபியுவில் எச்டிஎம்ஐ மட்டும்தான் உண்டு, அதில் எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் ஒரு கன்வெர்ட்டர், அதிலிருந்து பழைய விஜிஏ கேபிள், அப்புறம் மானிட்டர்.

அப்படியென்றால் பச்சை வரவில்லை. விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. 15 முள்ளில் முதல் மூன்றுதான் அவை, அதே வரிசையில். 6, 7, 8 அவற்றின் திரும்பும் வழி. ஒவ்வொரு நிறத்துக்கும் உச்சபட்சமே 0.7 வோல்ட். முள்ளில் கொஞ்சம் துரு, கொஞ்சம் தளர்வு இருந்தாலும் அந்த நிறம் மங்கிவிடும், இல்லை அடியோடு போய்விடும். வெள்ளையில் மூன்றும் சமமாக இருப்பதால் எது காணாமல் போனாலும் முதலில் காட்டிக்கொடுப்பது வெள்ளைதான். பச்சை போனால் ரோஸ் அல்லது மெஜந்தா. சிவப்பு போனால் இளநீலம். நீலம் போனால் மஞ்சள். உங்கள் இலை கருஞ்சிவப்பாக நிற்பதும் இதனால்தான். இலைப்பச்சைக்குள் கொஞ்சம் சிவப்பு இருக்கும், பச்சையை எடுத்துவிட்டால் அந்தச் சிவப்புதான் மிச்சம். திரையில் ஒரு மஞ்சள் கட்டம் போட்டுப் பாருங்கள், சிவப்பாகத் தெரியும். ஈரோட்டு மஞ்சளில் சுண்ணாம்பு பட்ட மாதிரி.

விண்டோஸில் இருக்கும் பெயிண்ட் மென்பொருளைத் திறந்து முழுத்திரைக்கு ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மார்ச் 5, மதியம்

சாப்பிடும்போது இன்னொரு யோசனை. காலையில் சொன்னதில் அவசரம் இருக்கிறது. வெள்ளை ரோஸ் ஆவதற்கு வேறு காரணமும் உண்டு. கறுப்பு என்ன ஆகிறது என்று யாருமே கேட்கவில்லை, நான் உள்பட.

எச்டிஎம்ஐயில் படம் இரண்டு விதமாகப் போகலாம். சிவப்பு, பச்சை, நீலம் என்று அனுப்பும் ஆர்ஜிபி ஒன்று. வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து அனுப்பும் ஒய்சிபிசிஆர் இன்னொன்று, இது டிவி வீட்டுப் பழக்கம். அனுப்புகிறவன் ஒன்றில் அனுப்பி, வாங்குகிறவன் மற்றொன்றாகப் படித்தால் கூத்துதான். ஆர்ஜிபியை ஒய்சிபிசிஆர் என்று படித்தால் வெள்ளை ரோஸ் ஆகும், கறுப்பு பச்சையாகும். தலைகீழாக நடந்தால் கறுப்பு ஊதா, வெள்ளை இளம்பச்சை. கம்பி அறுந்த கேஸில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே வெள்ளையைப் பார்த்துப் புலம்புவதற்கு முன்னால் கறுப்பைப் பாருங்கள். கறுப்பு கறுப்பாக இருந்தால் கேபிள் அல்லது முள். கறுப்புக்கும் சாயம் ஏறியிருந்தால் செட்டிங்.

மார்ச் 5, இரவு

தம்பி பதில்: கறுப்பு கறுப்புதான். பச்சை போட்டால் திரை கிட்டத்தட்ட இருட்டு. சரி, கேபிளும் கன்வெர்ட்டரும் பாக்கி. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். மாற்றினால் சரியாகிவிடும், எது கெட்டது என்று மட்டும் தெரியாது.

மார்ச் 6

இடையில் ஒருவர், "காந்தம் பட்டிருக்கும், ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்க" என்கிறார். அது டப்பா மானிட்டர் காலம். பிக்சர் டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றை பறந்து வந்து உரிய புள்ளியில் விழ வேண்டும், பக்கத்தில் காந்தம் இருந்தால் வழி தவறி அடுத்த நிறத்தின் புள்ளியில் விழும். எல்சிடியில் எலக்ட்ரான் கற்றையே கிடையாது. ஸ்பீக்கரை அதன் தலையில் உட்கார வைத்தாலும் நிறம் மாறாது.

ஆனாலும் அந்தக் காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாரியம்மன் நோம்பிக்கு ரேடியோ செட்டுக்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் இறக்குவார். நோம்பி முடிந்ததும் டிவியின் ஒரு மூலை பச்சை, ஒரு மூலை ஊதா. அப்பா அதன் தலையில் தட்டுவார். தட்டியதால் சரியானதாகவே கடைசிவரை நம்பினார். உண்மையில் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் உள்ளே இருக்கும் டீகாஸ் சுருள் ஒரு நொடி "டொம்ம்" என்று உறுமிக் காந்தத்தைக் கலைத்துவிடும். அந்தச் சத்தம் தெரிந்தவர்கள் இப்போது வாசிக்கிற கண்ணாடி போட்டிருப்பார்கள்.

மார்ச் 6, மாலை

கரூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பெட்ஷீட் போட்டோக்களைத் திறந்தால் மட்டும் வெள்ளை எல்லாம் மஞ்சள். பிரவுசரில் திறந்தால் சரி.

இது வேறு சீக்கு. மானிட்டருக்கென்று விண்டோஸில் ஒரு கலர் புரொஃபைல், அதாவது நிறத்தை எப்படித் திருத்திக் காட்டுவது என்கிற குறிப்பு, உட்கார்ந்திருக்கும். சில சமயம் அப்டேட்டோடு மானிட்டர் டிரைவர் இறங்கும், கூடவே தப்பான புரொஃபைலும் வந்து உட்காரும். அதைப் படிக்கிற மென்பொருளில் மட்டும் மஞ்சள் தட்டும், மற்றதில் தட்டாது. விண்டோஸின் பழைய போட்டோ வியூவர் இதற்குப் பேர்போனது. கன்ட்ரோல் பேனலில் கலர் மேனேஜ்மெண்ட் போய், உங்கள் மானிட்டரைத் தேர்ந்து, உள்ளே இருக்கிற புரொஃபைலை எடுத்துவிட்டு, எஸ்ஆர்ஜிபி ஐஇசி61966-2.1 என்று இருப்பதைச் சேர்த்து டீஃபால்ட் ஆக்குங்கள். போட்டோ வியூவரை மூடித் திறக்க வேண்டும், அதை மறந்துவிட்டு "மாறலீங்க" என்று திரும்பி வராதீர்கள்.

ஒரு நிறம் ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் கெட்டுத் தெரிந்தால் கேபிளைத் தொடவே வேண்டாம்.

மார்ச் 7

தாராபுரத்திலிருந்து: "ராத்திரி ஏழு மணி ஆனா திரை மஞ்சளாயிடுதுங்க, விடிஞ்சா சரியாயிடுது. ஊர்ல வோல்டேஜ் கம்மிங்க, அதனாலதானே?"

இல்லைங்க. மானிட்டர் அடாப்டரின் முதுகைப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். வோல்டேஜ் இறங்கினால் மானிட்டர் அணையலாம், சிமிட்டலாம், மஞ்சளாகாது. நேரம் பார்த்து வருகிற மஞ்சளுக்குப் பெயர் நைட் லைட். 2017இல் விண்டோஸ் 10இல் வந்தது, மேக்கிலும் அதே வருடம் நைட் ஷிஃப்ட் வந்தது. பொழுது சாய்ந்ததும் தானாக நீலத்தைக் குறைக்கும்படி அதை வைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் டிஸ்பிளேக்குப் போய் அணையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, நான் முதல் நாள் சொன்ன ஸ்கிரீன்ஷாட் சோதனைக்கும் சேர்த்து. நைட் லைட் மஞ்சள் ஸ்கிரீன்ஷாட்டில் விழாது. படம் தயாரான பிறகு கிராபிக்ஸ் கார்டு வெளியே அனுப்பும் கட்டத்தில்தான் அது ஏறுகிறது. ஆகவே ஸ்கிரீன்ஷாட் சுத்தம் என்றால் "விண்டோஸ் மேல் தப்பில்லை" என்று அர்த்தம் இல்லை, ஃபைல் மேல் தப்பில்லை என்று மட்டும்தான். விண்டோஸை முழுசாக விலக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரை அணைத்து ஆன் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் திரைக்குள் போங்கள். அங்கே நைட் லைட்டும் கிடையாது, புரொஃபைலும் கிடையாது. பயாஸிலும் நிறம் கெட்டிருந்தால் விண்டோஸை விட்டுவிட்டு வன்பொருள் பக்கம் வாருங்கள்.

மார்ச் 7, பிற்பகல்

பெருமாநல்லூர்: "அண்ணா, கேபிளைக் கழட்டிப் பாத்தேனுங்க. ஒரு முள்ளே இல்லீங்க! நடு வரிசையில ஓட்டை. அதுதானுங்களா?"

நடு வரிசையில் நான்காவது இடமா? அப்படியானால் அது 9ஆம் முள், பல கேபிள்களில் அது இல்லாமலேதான் வரும். பயப்பட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது மேல் வரிசை. முள் வளைந்திருக்கிறதா, உள்ளே அமுங்கியிருக்கிறதா, பஞ்சு அடைத்திருக்கிறதா? திருப்பூர்ப் பக்கம் கம்ப்யூட்டரைத் திறந்தால் பஞ்சு வராத இடம் எது? கட்டிங் டேபிள் பக்கத்தில் சிபியு வைத்திருக்கிறவர்கள் ஃபேனிலிருந்து எடுக்கிற பஞ்சில் ஒரு தலையணை தைக்கலாம்.

கேபிளை இரண்டு பக்கமும் நன்றாக அழுத்தி, திருகையும் முடுக்குங்கள். திருகு முடுக்காத விஜிஏ கேபிள் தன் கனத்திலேயே சாய்ந்து தொங்கும், ஏதாவது ஒரு முள் தொடர்பு விட்டுவிடும்.

மார்ச் 8

கோபியில் ஒருவருக்குச் சரியாக நான் 5ஆம் தேதி எழுதியதே நடந்திருக்கிறது. கறுப்பு ஊதா, வெள்ளை இளம்பச்சை. நேரடி எச்டிஎம்ஐ. கிராபிக்ஸ் டிரைவரின் பக்கத்தில் அவுட்புட் கலர் ஃபார்மேட் என்று இருக்கும், அதை ஆர்ஜிபி ஆக்கச் சொன்னேன். டிரைவர் மசியவில்லை, மாற்றம் நிற்கவில்லை. பிறகு மானிட்டர் மெனுவில் இன்புட் ஃபார்மேட் என்று ஒன்று, அது இடம் மாறி இருந்தது, அதைத் திருத்தியதும் தீர்ந்தது. இரண்டு முனையிலும் ஒரே மொழி பேச வேண்டும், ஒரு முனையை மட்டும் மாற்றி ஓயாதீர்கள்.

எதுவுமே புரியாத நேரத்தில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், B நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி எழுந்து வரும். திரை ஒரு நொடி கறுக்கும், பயப்பட வேண்டாம்.

மார்ச் 8, இரவு

மெனு சோதனையில் ஒரு ஓட்டை உண்டு என்று ஒரு சர்வீஸ்காரர் எழுதியிருக்கிறார், அவர் சொல்வது சரி. சில மானிட்டர்களில் நிற அளவுகளைத் திருகுகிற கட்டம் முடிந்த பிறகுதான் மெனு மேலே ஒட்டப்படுகிறது. யாராவது யூசர் கலருக்குள் போய்ப் பச்சையைக் குறைத்து வைத்திருந்தால் படம் ரோஸ் ஆகும், மெனு வெள்ளையாகவே சிரிக்கும். எனவே முதல் வேலையாக மானிட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு அப்புறம் மெனுவைப் பாருங்கள். 4ஆம் தேதிக் குறிப்போடு இதையும் சேர்த்தே படிக்கவும்.

மார்ச் 10

பெருமாநல்லூர் கேஸ் முடிந்தது. கேபிள்தான். பக்கத்து யூனிட்டில் கடன் வாங்கிய விஜிஏ கேபிள் போட்டதும் பச்சை வந்துவிட்டது. கன்வெர்ட்டர் நிரபராதி.

ஒரு வேலை பாக்கி. விஜிஏ மானிட்டர் மெனுவில் ஆட்டோ கலர் என்று ஒன்று இருந்தால், கறுப்பும் வெள்ளையும் நிறைய இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டுங்கள். மூன்று கம்பிகளின் அளவையும் அது அந்தப் படத்தை வைத்துத்தான் சமப்படுத்துகிறது. ரோஸ் டீஷர்ட் டிசைன் முழுத்திரையில் இருக்கும்போது ஓட்டினால், அது ரோஸைக் குற்றம் என்று நினைத்துத் திருத்திவிடும்.

மார்ச் 11

நினைத்தேன், வந்துவிட்டது. "அண்ணா, இப்ப வெள்ளை நீலமா அடிக்குதுங்க. புது பனியனைப் பக்கத்துல புடிச்சுப் பாத்தேன், ஒத்தே வரலீங்க."

இதை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பிழைப்பே இதில்தான் இருக்கிறது.

ஒரு வாரமாக ரோஸ் திரையைப் பார்த்த கண் அதற்குப் பழகியிருக்கும், அது ஒரு பக்கம். இரண்டாவது, ரீசெட் செய்தபோது மானிட்டர் கலர் டெம்பரேச்சர் கூல் என்ற இடத்துக்குப் போயிருக்கலாம். பழைய மானிட்டர்கள் பலவற்றில் அது 9300 கெல்வின், நீலம் தூக்கலாகத்தான் இருக்கும். 6500க்கு அல்லது எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டு வாருங்கள். மானிட்டர் ஆன் செய்து அரைமணி நேரம் சூடான பிறகு பாருங்கள்.

மூன்றாவது, பனியனை வைத்து வெள்ளையை அளக்காதீர்கள். வெள்ளை பனியன் வெறும் வெள்ளை அல்ல. அதில் ஆப்டிகல் பிரைட்னர் ஏற்றியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தை வாங்கி நீலமாகத் திருப்பி அடிக்கும். ஜன்னல் ஓரத்தில் பளீரென்று இருக்கும் அதே பனியன் உள் அறை எல்இடி வெளிச்சத்தில் சப்பென்று தெரியும், ஏனென்றால் எல்இடியில் புற ஊதா மிகக் குறைவு. ஏ4 தாளும் அப்படித்தான். சொட்டு நீலம் போட்ட வேட்டியைக் கேட்கவே வேண்டாம். துணி நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை விளக்கு) பக்கத்திலேயே யுவி (புற ஊதா) பட்டன் வைத்திருப்பது இதைப் பிடிக்கத்தான்.

டிஎல்84 என்றதும் ஞாபகம். டி65இல் கச்சிதமாக ஒத்துப்போகிற இரண்டு துணி, ஐரோப்பியக் கடை விளக்கான டிஎல்84இல் போட்டதும் ஆளுக்கொரு பக்கம் போகும். துணிக்கே விளக்குக்கு விளக்கு நிறம் மாறும்போது மானிட்டர் எந்த விளக்கைக் காட்டும்? பையர் "ஸ்கிரீனில் பார்த்த ஷேட் வேண்டும்" என்று கேட்கிறபோது நான் பேன்டோன் நிறப் பட்டியலின் டிசிஎக்ஸ் நம்பர் கேட்பேன், இல்லாவிட்டால் லேப் டிப், அதாவது சாயம் போட்ட சின்னத் துணி மாதிரி, அனுப்பிக் கையெழுத்து வாங்குவேன். டிசிஎக்ஸ் பருத்தித் துணியில் சாயம் போட்ட மாதிரி. பேப்பர் கார்டை வைத்துப் பருத்திக்கு ஷேட் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, அது இன்னொரு இழை.

அறையையும் பாருங்கள். நம் பக்கம் ஆபீஸ் சுவரில் பச்சை, மஞ்சள், ராமர் நீலம் என்று விருப்பத்துக்கு அடித்திருப்பார்கள். வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத்தான் திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் வருகிறது. டிசைன் மேசைக்குப் பின்னால் இருக்கிற சுவரையாவது சாம்பல் ஆக்கச் சொல்லுங்கள். ஓனர் சிரிப்பார், செலவு ஒரு டப்பா பெயிண்டுதான்.

மார்ச் 12

ஒருவர் கிண்டலாக, "நொய்யல்ல போற தண்ணி நிறத்தப் பாத்தே இந்த சீசன் ஷேட் சொல்லிருவோமே" என்கிறார். சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை இல்லாமல் சொந்த ஊருக்கு பஸ் ஏறிய ஆட்கள் எத்தனை பேர். அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் காடு வைத்திருந்த விவசாயிகளைக் கேட்டால் கதை வேறு. இழை மானிட்டருக்கே திரும்பட்டும்.

மார்ச் 14

சென்னிமலைக்காரர்: மெனுவும் மஞ்சள், பயாஸும் மஞ்சள், கேபிள் மாற்றியாயிற்று, பழைய மானிட்டர்.

பின்விளக்குக்கு வயதாகிவிட்டது. மெல்லிய டியூப் வைத்த சிசிஎஃப்எல் காலத்து மானிட்டர் போகப் போக மங்கி மஞ்சள் பாயும். மெனுவில் நீலத்தைக் கூட்டாதீர்கள், அது ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். சிவப்பையும் பச்சையையும் கொஞ்சம் இறக்குங்கள், வெளிச்சம் குறையும், நிறம் ஓரளவு நிமிரும். கணக்கு எழுத, பில் போட அது போதும். டிசைனுக்கு வேண்டாம்.

எல்இடி பின்விளக்கு கெட்டால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். பாஸ்பர் தேய்ந்தால் நீலமோ ஊதாவோ எட்டிப்பார்க்கும். ஹோட்டல்களில் பகலெல்லாம் ஓடுகிற டிவிகள் ஊதாவாகத் தெரிவது இதனால்தான்.

பழைய மானிட்டரைத் திறந்து டியூப் மாற்றலாமா என்று கேட்கிறார். டியூபுக்கு மின்சாரம் ஏற்றித் தரும் இன்வெர்ட்டர் போர்டில் நூற்றுக்கணக்கில் வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் தேங்கி நிற்கும். கை பழகாதவர்கள் தொட வேண்டாம்.

மார்ச் 14, பின்னிணைப்பு

லேப்டாப்காரர்களுக்கு ஒரே வரி: மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது நிறம் மாறினால் கீல் வழியாகப் போகிற கேபிள். வெளி மானிட்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள், அதில் சுத்தமாக இருந்தால் உறுதி. நேராகப் பார்த்தால் சரி, எழுந்து நின்று பார்த்தால் மட்டும் நிறம் புரள்கிறது என்றால் அது கோளாறே இல்லை, டிஎன் என்ற வகைப் பேனலின் குணம்.

மார்ச் 17

பெருமாநல்லூர்த் தம்பி: டிசைன் போய்விட்டது, பையர் ஓகே சொல்லிவிட்டார், கடன் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியாயிற்று. பழைய கேபிளை, "எதுக்காவது ஆகும்"னு ஓனர் டிராயரில் போட்டு வைக்கச் சொன்னாராம்.

எதுக்கும் ஆகாது. அடுத்த வருடம் வேறு ஒரு பையன் அந்த டிராயரைத் திறந்து, அதை எடுத்து மாட்டிவிட்டு, இதே கேள்வியோடு இங்கே வருவான். இரண்டு தலையையும் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். ஓனர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.